பெட்டி குளிரட்டும்

கல்முனை பஸாரில் அந்த மின்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு கதிரை. மின்விசிறிக்கு நேர் கீழே, காசு மேசைக்குப் பக்கத்தில், சிவப்பு மெத்தை தைத்த கதிரை. சாமான் வாங்க வருகிறவர்களை அதில் இருத்துவார்கள். வாங்கிய சாமான் பழுதாகி வருகிறவர்கள் நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் விளங்கியிருந்தது, என் உம்மாவுக்கும்.

உம்மா அந்தக் கதிரையில் ஒரேயொரு முறை இருந்திருக்கிறார். ஐஸ் பெட்டி வாங்கிய அன்று. கடையில் அதை டீப் பிறீசர் என்றார்கள். உம்மா ஐஸ் பெட்டி என்றார். எங்கள் வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. "இரிங்க உம்மா, இரிங்க" என்று விற்பனையாளர் கதிரையைத் துடைத்துப் போட்டார். வெள்ளைச் சேர்ட், வாசனைத் தண்ணீர், காதுக்குள் ஒரு வயர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். குளிர்ந்த சோடா வந்தது. உம்மா அதைப் பாதி குடித்துவிட்டு மீதியை எனக்கு நீட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில், "நல்ல மரியாதையான புள்ளையள்" என்றார். அந்தச் சோடாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உம்மா ரோல்ஸும் சமோசாவும் செய்து விற்பவர். நோன்பு மாதம் வந்துவிட்டால் நிந்தவூரில் எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் எங்கள் வீட்டுச் சமோசாதான் போகும். பொரிக்காமல் உறையவைத்து, பக்கெட் கட்டிக் கொடுப்பார். வாங்கியவர்கள் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எண்ணெயில் போட்டால் போதும். ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னர் பக்கத்து வீட்டு மாமியின் பிறிட்ஜில் ஒரு தட்டை இரவல் வாங்கியிருந்தோம். இரவல் என்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி, "மாமி, ஒருக்கா பிறிட்ஜத் திறக்கட்டா" என்று கேட்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கள் சாமானை வெளியே எடுத்துவந்து, அது இளகுவதற்குள் யாருக்காவது விற்க வேண்டும். தட்டுவதும் நிற்பதும் என் வேலை. பட்டம் வாங்கிய பிறகும் அதுதான் என் வேலை.

எங்கள் குடும்பத்தில், இரண்டு பக்கத்திலும், பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல நான் பழகவில்லை. வாப்பா அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவர்; உம்மாவுக்குத் தன் பெயரை எழுத வராது. என் கொப்பியும் பஸ் காசும் சமோசாவிலிருந்து வந்தவை. ஆகவே அந்தப் பெட்டியை உம்மா தன் சீட்டுக் காசைப் போட்டு வாங்கியபோது, அது எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரு பொருளாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. இனி ஒரு கதவையும் தட்டத் தேவையில்லை என்று இருந்தது.

நோன்பு பாதி கழிந்து, கடைசிப் பத்து நாளுக்கு ஓடர்கள் குவிந்திருந்த நேரத்தில் பெட்டி நின்றது. காலையில் உம்மா மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர். மாவு ஊறி, இறைச்சி நாறி, பக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உம்மா மூடியை மூடினார். மறுபடி திறந்தார். இரண்டாவது முறை திறந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

சாப்பாட்டை வீசுவது எங்கள் வீட்டில் பெரிய பாவம். சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால்கூட உம்மா எடுத்து ஓரமாக, கோழி கொத்தும் இடத்தில் வைப்பார். அன்றைக்கு அவர் வீட்டின் பின்னால் மணலில் குழி தோண்டி, பல நாள் உழைப்பை அதற்குள் கொட்டினார். கொட்டக்கொட்டக் காகங்கள் வந்தன. "நோன்புல சாப்பாட்ட மண்ணுக்குள்ள போட வெச்சிட்டானே ஆண்டவன்" என்று ஒரு முறை சொன்னார். ஆண்டவன் இல்லை உம்மா, கடைக்காரன் என்று சொல்ல நினைத்தேன். நோன்பு வைத்த வாய் என்று அடக்கிக்கொண்டேன்.

ஒன்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் கடைக்குப் புறப்படும்போது உம்மா ஒரு சாப்பாட்டுப் பார்சல் கட்டினார். இரவல் கேட்ட கொஞ்ச இறைச்சியில் புதிதாகச் செய்த சமோசா. கடைப் பிள்ளைகள் நோன்பு திறக்கவாம்.

"நம்மட பெட்டிதானே உம்மா பழுது. அவங்கதான் நமக்கு ஏதும் தரணும்."

"வெறுங்கையோட போய் குறை சொல்லேலுமா கா. ஒண்டக் குடுத்துட்டுக் கேட்டா மனம் இளகும்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிள்ளையின் வகுப்பு ரீச்சரைப் பார்க்கப் போனாலும், நியாயம் கேட்கப் போனாலும் கையில் ஒரு பார்சல் இருக்கும். தமக்கு உரித்தானதைக் கேட்பதற்கே ஒரு கூலி கொடுத்துப் பழகியவர்கள். அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு கல்முனை வரையும் வந்தேன். அதன் சூடு என் தொடையில் ஏறியது.

விற்பனையாளர் உம்மாவை அடையாளம் கண்டார். கண்டுகொண்டே போனில் கதைத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கதிரை காலியாகக் கிடந்தது. உம்மா அதன் பக்கம் பார்க்கவும் இல்லை. நின்றோம். போன் முடிந்தது. உம்மா முதலில் பார்சலை நீட்டினார்.

"ஆ, என்ன இது? உம்மாட கைப்பக்குவமா?" முகர்ந்துபார்த்துவிட்டு மேசைக்குக் கீழே வைத்தார். "சொல்லுங்க உம்மா, என்ன விஷயம்?"

உம்மா சொன்னார். அவர் முழுதும் கேட்கவில்லை.

"கரண்ட் கூடிக் குறைஞ்சிரிக்கும். கொம்ப்ரசர் போயிட்டு. அதுக்கு வாரண்டி இல்ல."

"நீங்க பெட்டிய வந்து பாக்கவே இல்லையே. எப்பிடி கொம்ப்ரசர் என்டு சொல்றீங்க?" என்று நான் கேட்டேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "மகள் படிக்கிறாவா?"

"படிச்சி முடிச்சிட்டன்."

"அப்ப வாரண்டிக் காட்ட வாசிச்சுப் பாருங்களன். இங்கிலீசுலதான் போட்டிரிக்கி."

"வாசிச்சிட்டுத்தான் வந்திரிக்கன். பழுது என்டு சொன்னா ஆள் அனுப்பிப் பாக்கணும் என்டு முதலாவது வரியிலேயே இரிக்கி. கரண்டப் பத்தி அதுக்குப் பிறகுதான் வருது. ஆளை அனுப்புங்க, பாத்திட்டுச் சொல்லட்டும்."

அவர் சிரித்தார். உம்மாவைப் பார்த்துச் சிரித்தார், நான் அங்கே இல்லாதது போல. "மகளுக்கு நல்ல வாய் உம்மா. ஆள் இப்ப அக்கரைப்பற்றுப் பக்கம் போயிரிக்கார். நாளைக்கு அனுப்புறன்."

அந்த நேரத்தில் கார் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஏதோ அரசாங்கக் கந்தோரில் பெரிய ஆள் போல. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை, கதிரை துடைக்கப்பட்டது. "சேர், இரிங்க சேர்." அவர் ஏசி மெஷின் பார்க்க வந்திருந்தார். உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "வா, யாவாரம் நடக்கிற இடத்துல நிக்கப்படாது." நாம் யார் அப்போது? நாமும் வியாபாரம் செய்யத்தானே வந்தோம், அன்றைக்குச் சோடா குடித்தபோது?

அந்த "நாளைக்கு" யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோல் எடுத்தால் "ஓம் ஓம், எழுதி வெச்சிரிக்கு" என்றார்கள். உம்மா இன்னொரு பார்சல் கட்டினார். அதற்குள் மாமி வீட்டுப் பிறிட்ஜில் பழைய தட்டுக்குத் திரும்பியிருந்தோம். மாமி நல்ல மனுஷி. ஆனாலும் "என்ன, புதுப் பெட்டி வாங்கின ஆக்கள் திரும்பியும் நம்மட வாசலுக்கு" என்று சொல்லாமல் இருக்க அவருக்கும் மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உம்மாவும் சிரித்தார். அந்த இரண்டு சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெருநாள் கழிந்த பிறகு ஒருநாள் மறுபடி போனோம். அன்றைக்குக் கடை வாசலில் ஒரு தண்ணீர்ப் பம்பு கிடந்தது. அதன் மேல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி குந்தியிருந்தார். நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழர், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் அவர் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. வாங்கக்குள்ள கதிரை தருவாங்க. பழுதாப்போனா கதிரைய நீங்கதான் கொண்டு வரணும். நான் கொண்டு வந்திட்டன், பாருங்க." பம்பைத் தட்டிக் காட்டினார்.

புதுமணத் தம்பதி போலத் தெரிந்த இரண்டு பேர் மிக்சி வாங்க வந்தவர்கள், அவரையும் பம்பையும் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குள் போனார்கள். விற்பனையாளர் ஓடி வந்தார்.

"ஐயா, வழிய மறிக்காம எழும்புங்க. யாவாரம் கெடுது."

"எழும்புறன் தம்பி. பம்ப ஓட வைங்க, நானும் ஓடிருவன்."

"நாளைக்குப் பாக்கிறம் என்டு சொன்னம்தானே."

"நாளைக்கு என்டு பயிருக்கும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். அது கேக்குதில்ல." பிறகு உம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, உங்கடது என்ன?" என்றார்.

"ஐஸ் பெட்டி அண்ணன்."

"அதையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே. சாஞ்சு படுத்திருக்கலாம்."

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நோன்புக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எங்களுக்கு அன்றைக்கும் "நாளைக்கு"தான் கிடைத்தது. ஆனால் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த விவசாயி புதுப் பம்பு ஒன்றை லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்டேன்.

"பாத்தீங்களா உம்மா? அப்பிடித்தான் கேக்கணும்."

"அது ஆம்புளைக்குச் சரி. பொம்புளப் புள்ளையள் கடை வாசல்ல குந்தேலுமா? நம்மட காரியத்த அல்லாஹ்ட்ட பாரஞ்சாட்டிட்டன். அவன் பாப்பான்."

பாரஞ்சாட்டுவது என்றால் முறைப்பாட்டை ஆண்டவனின் பொறுப்பில் விட்டுவிடுவது. எங்கள் ஊரில் ஏமாற்றப்பட்ட எல்லோரும் கடைசியில் செய்வது இதைத்தான். சாபம் போடுவதைவிட இது கனமானது என்று சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. ஆண்டவனிடம் முறையிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆயிரம் உம்மாக்களை நம்பித்தான் அந்த மின்விசிறி சுற்றுகிறது. அல்லாஹ்வுக்குக் கேட்கிறது, சரி. பக்கத்தில் மிக்சி வாங்க நிற்கிறவருக்குக் கேட்க வேண்டாமா?

பிறகு ஹஜ் காலம் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுவது எங்கள் வழமை. யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், கடன் வைத்திருந்தால், மனம் நோகப் பேசியிருந்தால், அவர் வாயால் "பொருந்திட்டன்", அதாவது மன்னித்துவிட்டேன், என்று சொல்ல வேண்டும். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அவன் மன்னிக்காததை ஆண்டவனும் மன்னிக்க மாட்டான் என்பது சிறு வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தது. எவ்வளவு பெரிய ஆளும் அந்த ஒரு வாரம் சின்ன வீடுகளின் வாசலில் செருப்பைக் கழற்றுவார். எங்கள் வழமைகளில் எனக்கு ஆகப் பிடித்தது இது.

கடை முதலாளியும் அந்த வருடம் போகிறார் என்று கடையின் பேஸ்புக் பக்கத்தில் கண்டேன். வெள்ளை உடுப்பில் அவர் படம், பின்னால் மினாராக்கள். கீழே அச்செழுத்தில், "எமது வியாபாரத்தில் தெரிந்தோ தெரியாமலோ வாடிக்கையாளர் எவருக்கேனும் தவறிழைத்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுமாறு அன்பாய் வேண்டுகிறோம்." அதற்குக் கீழே புதிய வகைப் பிறிட்ஜ்களுக்கு விலைக்கழிவு என்று இன்னொரு வரி.

அந்த இன்னொரு வரி இல்லாவிட்டால் ஒருவேளை நான் கடந்து போயிருப்பேன்.

கீழே பதில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பொருந்திட்டோம், துஆ செய்யுங்க. பொருந்திட்டோம் முதலாளி, எங்களையும் நினைச்சுக்குங்க. எவரும் எதற்குப் பொருந்துகிறோம் என்று சொல்லவில்லை. மொத்த வியாபாரம் போல மொத்த மன்னிப்பு. ஒரு வாசலிலும் செருப்பைக் கழற்றாமல் விரல் நுனியில் ஊரைச் சுற்றிவிட்டார்.

நான் என் சொந்தப் பெயரில் எழுதினேன். "நாங்கள் பொருந்தவில்லை. நோன்பில் பழுதான எங்கள் டீப் பிறீசரைப் பார்க்க உங்கள் கடையிலிருந்து இன்றுவரை ஒருவரும் வரவில்லை. என் உம்மா நோன்போடு உங்கள் கடையில் நின்றார். வந்து பார்த்துத் திருத்திவிட்டுக் கேளுங்கள்."

 பிறகு ஏச வந்தார்கள். சகோதரி, புறப்படுகிற நேரத்தில் இப்படி எழுதலாமா. பெண் பிள்ளைக்கு அடக்கம் வேண்டும். படிச்ச திமிர். ஹஜ்ஜுக்குப் போகிறவரை மறிக்கிறவர் யாரென்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்தேன். ஆனால் நான் எழுதியதை அழிக்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு பெண், முகம் இல்லாத, ரோஜாப்பூப் படம் போட்ட கணக்கிலிருந்து எழுதினார்: "எங்கட வொஷிங் மெஷினும் அப்படித்தான் கிடக்கு. நானும் பொருந்தல்ல." இன்னொருவர், மாவடிப்பள்ளியிலிருந்து, "எங்கட மோட்டர்." பிறகு மிக்சி, பிறகு ரைஸ் குக்கர். ஊரில் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் பதிவையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் யாரோ படம் பிடித்து வட்சப்பில் விட்டு, அது எங்களுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மாமிதான் உம்மாவிடம் காட்டினார், வாசித்தும் சொன்னார். உம்மா வீட்டுக்குள் வந்து மாவுக் கையோடு என் முன்னால் நின்றார்.

"மக்காவுக்குப் போற மனிசன மறிச்சிட்டியாமே."

"நான் மறிக்கல்ல. அவர் கேட்டார், நான் பதில் சொன்னன்."

"எல்லாரும் போல பொருந்திட்டம் என்டு சொல்லிட்டுப் போனா உன்ட வாய் தேஞ்சிருமா?"

"நீங்க பொருந்திட்டீங்களா?"

உம்மா கையில் இருந்த மாவை உருட்டி உருட்டி உதிர்த்தார்.

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில."

"அப்ப பொருந்தல்ல."

"வாயப் பொத்து கா." அதன் பிறகு இரண்டு மூன்று நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போவார். "குடி" என்று சொல்ல மாட்டார். அந்த மௌனம்தான் எனக்கு ஊராரின் ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் சண்டை பிடித்தது அவருக்காக என்று நினைத்திருந்தேன்.

முதலாளி புறப்படுவதற்கு முன், ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் வீட்டு வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. அவரே வந்தார். விற்பனையாளர் வானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், காதில் வயர் இல்லாமல். வாப்பா பதறிப்போய், எங்கள் வீட்டில் கால் ஆடாத ஒரே கதிரையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. பழுது சொல்லப் போன எங்களுக்கு யார் துடைத்தது?

முதலாளி அமர்ந்தார். பருத்த, களைத்த மனிதர். உம்மா உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றார், நான் அவருக்குப் பக்கத்தில்.

"நான் பயணம் போறன் தம்பி," என்று வாப்பாவிடம் தொடங்கினார். "தங்கச்சியும் கேளுங்க. மனிசன் என்டா பிழை வரும். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் நடந்திரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்குங்க."

"அதெல்லாம் ஒண்டுமில்ல முதலாளி," வாப்பா உடனே சொன்னார். "நாங்க எப்பவோ..."

"உங்கட டீவிய நாளைக்கே ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்லியிரிக்கன்," என்றார் முதலாளி.

 திரைக்குள்ளிருந்து உம்மாவின் குரல் போனது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எங்கட ஊட்டுல டீவி இல்ல முதலாளி."

முதலாளி வான் பக்கம் திரும்பிப் பார்த்தார். விற்பனையாளர் அங்கிருந்து, "பிறீசர், பிறீசர்" என்று உதட்டை அசைத்தார். எத்தனை வீட்டுக்கு இப்படிப் போய்வந்தாரோ, எந்த வீட்டில் எது பழுது என்பது அவருக்குள் கலந்துபோயிருந்தது. வாயில் மன்னிப்பு இருந்தது. எங்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

உம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தார்.

"எதுக்குப் பொருந்தணும் முதலாளி?"

"என்ன தங்கச்சி?"

"பொருந்தச் சொல்றீங்க. எதுக்கு என்டு சொன்னாத்தானே பொருந்தேலும்."

"அதான் சொன்னனே தங்கச்சி, தெரிஞ்சோ தெரியாமலோ..."

"தெரியாதத அல்லாஹ் பாத்துக்குவான். தெரிஞ்சத நீங்க சொல்லுங்க."

வாப்பா, "சும்மா இரிகா" என்று முணுமுணுத்தார். உம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவர் கோபப்பட்டு எழும்புவார் என்று நினைத்தேன், எழும்பட்டும் என்றும் நினைத்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கட ஐஸ் பெட்டி பழுதாப்போச்சு. நாங்க ஆள் அனுப்பல்ல."

"ம்."

"நோன்பு நாளையில."

"நான் கடைக்கு வந்தன்," என்றார் உம்மா.

"வந்தீங்க."

"கதிரை சும்மாதான் கிடந்த. நான் நின்டன்."

முதலாளிக்கு இதைச் சொல்வது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. "ஓம்," என்றார் கடைசியில். "நிக்கவெச்சிட்டம்." பிறகு நிமிர்ந்து, "சொல்லிட்டன் தங்கச்சி. இப்ப பொருந்திக்குங்க."

"பெட்டி குளிரட்டும் முதலாளி," என்றார் உம்மா.

அவர் போன பிறகு வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு அதே கதிரையில் அமர்ந்தார். உம்மா சமையலறைக்குப் போய், வெகு நாட்களுக்குப் பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். பின்னால் இருந்த மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார். "கொம்ப்ரசருக்கு ஒண்டும் இல்ல. இதுதான், ஒரு சின்னச் சாமான், கருகியிரிக்கி." விரல் நகம் அளவு கறுப்பு ஒன்றைக் காட்டினார். அவருக்கு வைத்த தேநீர் ஆறுவதற்குள் புதியதைப் பூட்டிவிட்டார். பெட்டி உறுமியது. இதற்காகவா? மணலுக்குள் புதைத்தது, மாமியின் வாசலில் நின்றது, மடியில் சூடான பார்சலோடு கல்முனைக்குப் போனது, எல்லாம் இந்த நகத்துண்டுக்காகவா? யாராவது ஒருவர், ஒரேயொரு நாள், வந்து பார்த்திருந்தால். மெக்கானிக்கிடம் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனிதனுக்குச் செய்தியே அதற்கு முந்திய நாள்தான் போயிருக்கிறது.

உம்மா அவசரப்படவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பின்னேரம் திறந்து விரலால் தட்டினார். கல்லாக இருந்தது. "அந்த மனிசனுக்கு ஒரு கோல் எடு" என்றார். நான் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன்.

"முதலாளி, பெட்டி குளிருது. நான் பொருந்திட்டன். நல்லபடியாப் போய் வாங்க, எங்களுக்கும் துஆ செய்ங்க." அவ்வளவுதான். குரலில் ஒரு பிசிறும் இல்லை. அவர் பொருந்தியது முழுப் பொருத்தம் என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்கு அரைகுறையாக எதையும் செய்ய வராது. பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கையால் பொத்தி, "நீயும் பொருந்திட்டியா என்டு கேக்கிறார்" என்றார்.

நான் போனை வாங்கினேன்.

"நீங்க போய் வாங்க. நான் மறிக்கல்ல," என்றேன். "வந்தாப்பிறகு, பழுது சொல்லி வாற ஆக்களையும் அந்தக் கதிரையில இருத்துங்க. அண்டைக்குச் சொல்றன்."

உம்மா என்னை முறைத்தார். ஆனால் போனைப் பறிக்கவில்லை.

அவர் போய் வந்துவிட்டார். உம்மாவின் பெயருக்குப் பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் வந்தன. நான் தண்ணீரைக் குடித்தேன். அதற்கும் கடைக்கும் சம்பந்தம் இல்லை. கடையின் பெயர்ப்பலகையில் இப்போது முதலாளியின் பெயருக்குப் பின்னால் ஹாஜியார் என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். பெட்டி ஓடுகிறது. மாமியின் கதவை நான் தட்டுவதில்லை.

போன வாரம் கல்முனையில் ஒரு நேர்முகத் தேர்வு முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். கறுப்பு அபாயாவில் ஒரு பெண், உம்மாவின் வயதிருக்கும், மிக்சி ஒன்றைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் ஒரு பார்சல். விற்பனையாளர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கதிரை காலி.

உள்ளே போனேன். யாரிடமும் கேட்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்து இழுத்தேன்; தரையோடு உராய்ந்து பெரிய சத்தம் எழுப்பியது, விற்பனையாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன்.

"இரிங்க மாமி."

அவர் கதிரையைப் பார்த்தார், விற்பனையாளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வேணாம் புள்ள. நான் நிக்கிறன். இப்ப போயிருவன்."

"இரிங்க."

அவர் இருக்கவில்லை. நானும் கதிரையை விடவில்லை.